உப்பில்லாத தண்ணீர்

சீமைக்கருவேலக் கட்டைகளைக் காற்றுப் புகாத டிரம்மில் போட்டுச் சுட்டுக் கரியாக்குவாள் ஆராய்ச்சி மாணவி ரோகிணி. அந்தக் கரியை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, மறுபடியும் சூடேற்றினால் சாயத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ரத்தச் சிவப்பாக ஊற்றிய சாயத்தண்ணீர் ஆய்வகத்தில் கண்ணாடி மாதிரி வெளியே வந்த அன்று, அவளும் பேராசிரியர் வெங்கடேஷ்பாபுவும் கல்லூரி வாசலில் பருத்திப்பால் வாங்கிக் குடித்துக் கொண்டாடினார்கள்.

வில்லாபுரத்துக்குத் தெற்கே சாயப்பட்டறை வைத்திருந்த அழகுமலை, தன் பட்டறைக்கு அது வேண்டுமென்று தானாகவே வந்து கேட்டார். தொட்டி கட்டினார்கள். கரியை நிரப்பினார்கள். ரிப்பன் வெட்டிய படம் பேப்பரில் வந்தது. அதன்பின் மாதாமாதம் ரோகிணி போய்த் தண்ணீர் பிடித்துவந்து சோதிப்பாள். ஒருமுறைகூட அதில் சாயம் இருந்ததில்லை.

ஒருநாள் பாட்டிலோடு வெளியே வந்தவளை, பின்தெருவில் குடியிருக்கும் அன்னக்கொடி வழிமறித்தாள்.

"ஏம்மா, நீதான தண்ணியச் சுத்தம் பண்ற பொண்ணு? என் வீட்டு போருத் தண்ணிய வந்து பாரு. அப்புறம் பேசு."

குழாயைத் திறந்ததும் வாளியில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் விழுந்தது. ரோகிணி அதைக் கையில் ஏந்திப் பார்த்தாள். "இதுலயா துவைக்கிறீங்க?"

"துவைக்கிறதா? குளிக்கிறதே இதுலதான். புள்ளைக்கு உடம்பெல்லாம் சொறி. எம்புட்டு தடவ சொன்னோம், ஒரு பய கேக்கல."

அன்று ஆய்வகத்தில் ரோகிணி சாயத்தோடு நிறுத்தாமல் உப்பையும் அளந்தாள். துணியில் சாயம் ஏற மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். அவளுடைய கரி சாயத்தைப் பிடிக்குமே தவிர உப்பைப் பிடிக்காது. தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் உப்புக் கரிக்க வேண்டும். மீட்டர் காட்டியதோ சாதாரணக் குழாய்த் தண்ணீர்.

மறுநாள் பட்டறையின் பின்சுவரை ஒட்டி நடந்தாள். புதருக்குள் ஒரு குழாய் வாய்க்காலில் சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் வரும் நாளில் மட்டும் தொட்டிக்குள் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

பேராசிரியரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுத்த வாரம் நம்ம தொட்டியப் பாக்க டெல்லியிலருந்து குழு வருதும்மா. பெரிய திட்டம். அது முடியட்டும், நான் பேசுறேன்."

"அதுவரைக்கும் அந்தப் புள்ளைக்குச் சொறி இருக்கட்டுமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைக் காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்.

குழு வந்தது. மாலை, சால்வை, இளநீர் எல்லாம் நடந்தன. அழகுமலை தொட்டியைத் தட்டி, "நம்ம ரோகிணியம்மா புண்ணியத்துல வாய்க்காலே பொழச்சிருச்சு" என்றார். ரோகிணி ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, எல்லோரும் பார்க்க மடமடவென்று குடித்தாள். குழுவினர் கைதட்டினார்கள்.

"தட்டாதீங்க," என்றாள். "சாயப்பட்டறைத் தண்ணி உப்புக் கரிக்கும். இது கரிக்கல. ஏன்னா இது சாயத்தண்ணியே இல்ல. இந்தத் தொட்டி உங்களுக்குக் காட்ட வச்ச பொம்மை. நெசத் தண்ணி பின்னாடி ஓடுது, வாங்க காட்டுறேன்."

"ஏய், யாரு எடத்துல நின்னு பேசுற?" அழகுமலை பாய்ந்து வந்தார்.

"என் கரி கெடக்குற எடத்துல நின்னு பேசுறேன். ஊரை ஏமாத்த என் படிப்பா கெடச்சுச்சு உங்களுக்கு?"

குழுவில் இருந்த பெண் அதிகாரி ஒருவர் பின்பக்கம் நடந்தார். மற்றவர்களும் போனார்கள். வாய்க்கால் ஓரத்தில் அன்னக்கொடியும் தெருப் பெண்களும் வாளிகளோடு நின்றிருந்தார்கள். ரோகிணிதான் வரச்சொல்லியிருந்தாள்.

அந்த வாரமே குழாயை வெட்டினார்கள். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. பேராசிரியரின் திட்டமும் போயிற்று. அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் வேறு வழிகாட்டியைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

அன்னக்கொடியின் குழாயில் இன்னமும் ரோஸ் நிறத் தண்ணீர்தான். மண்ணுக்குள் இறங்கியதை எந்தக் கரியாலும் சட்டென்று எடுத்துவிட முடியாது. அதைச் சொல்லப் போன ரோகிணி, சொல்ல முடியாமல் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"நீ ஏந்தாயி அழுகுற?" என்று அதட்டினாள் அன்னக்கொடி. "அழுக வேண்டிய பட்டறைக்காரன் சொகமா கே.கே. நகர் பங்களாவுல இருக்கான். எந்திரி. கோர்ட்டுக்குப் போகணும்னா சொல்லு, தெருவே வாரோம்."