ரெய்யோவின் மூடாத காது

1

இந்தக் கதைக்குக் காரணம் டேல். "புது ஆல்பத்துக்குப் பின்னட்டையில நாலு வரி வேணும். நம்ம கூட்டத்துல காலேஜ் போனவன் நீ ஒருத்தன்தான். எழுதிக் குடு," என்றார்.

நான்கு வரிக்குத்தான் உட்கார்ந்தேன். இது வந்தது. ஆங்கிலத்தில் கை ஓடவில்லை. தமிழில் எழுதினால் குழுவில் யாருக்கும் படிக்கத் தெரியாது. என் மாமனாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மனைவி காய்சா இந்தக் கதையில் இறந்துவிட்டாள். கடைசிப் பக்கத்தில் அதை மாற்ற மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: ஏரியில் பனி உடைகிற மாதத்தில் –

(வேண்டாம். மனைவியை இழந்தவன் எழுதும் கதையில் பனி உடையக்கூடாது. ஆனால் ஏப்ரலில் கனடாவின் தண்டர் பே நகரில் பனி உடையத்தான் செய்கிறது. என்னைக் கேட்டுக்கொண்டா உடைகிறது?)

இரண்டாவது: ராக் இசைக்கு முதுமை உண்டா என்ற கேள்வியை –

(யாரும் கேட்கவில்லை.)

மூன்றாவது: 'ஓர் போட்ஸ்' (தாதுக் கப்பல்கள்) என்ற ராக் குழு மூன்று கிழவர்கள்.

இது இருக்கட்டும். டேல் கோசாக் பாடுகிறவர். ரெய்யோ லாஹ்டினென் டிரம்ஸ், காய்சாவின் அப்பா. வெஸ் பாஸ் கிதார். (வெஸ்ஸுக்கு இந்தக் கதையில் வேலையில்லை. எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். பாஸ் இல்லாத பாட்டு மாதிரி ஆகிவிட்டது. திரும்ப வைத்துவிட்டேன்.)

இளமையில் அவர்களுடைய இரண்டு பாட்டுகள் நாடு முழுக்க ஓடின. அதன் பிறகு ஊர்த் திருவிழா, சூதாட்ட விடுதி, ஹாக்கி ஆட்ட இடைவேளை, எங்கே போனாலும் அந்த இரண்டுதான். "இது ஒரு புதுப் பாட்டு" என்று டேல் மைக்கில் சொன்னால் கூட்டம் பீர் வாங்க எழுந்துவிடும்.

புதுப் பாட்டுகளாகவே ஓர் ஆல்பம் என்று கிளப்பிவிட்டது காய்சா.

"அந்த ரெண்டையே வாசிச்சு வாசிச்சு போய்ச் சேரப் போறீங்களாப்பா?"

"ஏன், நல்ல பாட்டுதானே?" என்றார் ரெய்யோ.

"நல்ல பாட்டுதான். எனக்கு முன்னாடி பொறந்த பாட்டு."

3

டேல் கடைசி நாள்வரை வரி எழுத மாட்டார். மெட்டு இருக்கும், சொல் இருக்காது. ஆனால் டிரம்ஸைப் பதிவு செய்யும்போது பாட்டு எங்கே போகிறது என்று காட்ட ஒரு குரல் வேண்டும். சொல் எதுவானாலும் சரி. டேல் முறையாகப் பாடியதும் அந்தக் குரலை அழித்துவிடுவார்கள்.

அழிப்பதற்காகப் பாடப்படும் அந்தப் பாட்டை அக்டோபரில் பாடியது காய்சா. துறைமுகத்தில் பழைய மீன் கிடங்கு ஒன்றுதான் இப்போது ஸ்டுடியோ. கண்ணாடிக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்ததைப் பாடினாள். மெதுவான பாட்டு ஒன்றின் நடுவில் அவள் பாடியது இது:

முட்டை இல்ல, பாலும் இல்ல,
டயர மாத்து, பனி வருது,
கதவ மூடுப்பா, குளிருது.

(தமிழில் மட்டமாக இருக்கிறது. அவள் பாடியபோதும் மட்டம்தான். ரெய்யோ உண்மையிலேயே கதவைத் திறந்து வைத்திருந்தார்.)

டிசம்பரில் டேல் வரி எழுதி முடித்தார். அதே இடத்தில் அவர் பாடியது: 'கரை தெரியாத நீரே, என் பெயரைச் சொல்.' காய்சா கேட்டுவிட்டு, "என்னோடதே பரவால்ல," என்றாள். பிறகு ஒலிப்பதிவாளர் ஜொயெலிடம், "என் குரல அழிச்சிடு. சகிக்கல," என்றாள். ஜொயெல் அழித்தாள்.

ஜனவரியில் காய்சாவுக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் –

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. உங்களுக்குப் புரிந்துவிட்டது.)

4

ஏப்ரலில் ஜொயெல் ஒவ்வொரு பாட்டிலும் குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துக் கலக்கினாள். ஒருநாள் கூப்பிட்டாள். நான் போனபோது டேலும் ரெய்யோவும் அங்கே இருந்தார்கள். மேசையில் இளஞ்சிவப்புப் பூச்சு தடவிய பெர்சியன் பன் ஒரு பெட்டி இருந்தது. ஒன்றும் குறையவில்லை. டேல் இருக்கும் அறையில் அது நடக்காத காரியம். ஏதோ சரியில்லை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

"உக்காரு. ஒண்ணு கேக்கப் போற," என்றாள் ஜொயெல்.

மெதுவான பாட்டு. நடுவில் எல்லாம் அடங்கி, ரெய்யோ தூரிகைக் குச்சியால் டிரம்ஸைத் தேய்ப்பது மட்டும் வருகிற இடம். ஜொயெல் டேலின் குரலை நிறுத்தினாள். டிரம்ஸ் மட்டும். அந்தத் தேய்ப்புக்கு அடியில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது மாதிரி, முட்டை இல்ல, பாலும் இல்ல.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே?" என்றேன்.

"அவ பாடினத அழிச்சேன். இது டிரம்ஸ் மைக்ல விழுந்தது." ரெய்யோவைப் பார்த்தாள். "இவரு ஹெட்ஃபோன்ல ஒரு காதத் தள்ளி விட்டுட்டுத்தான வாசிப்பாரு. அவருக்குக் கேக்கணும்னு நான் ஹெட்ஃபோன ஊரக் கூட்டுற சத்தத்துல வெக்கிறேன். தள்ளின அந்தப் பக்கமா அவ குரல் ஒழுகியிருக்கு."

"ரெண்டு காதையும் மூடிக்கிட்டா டிரம்ஸ் எங்க இருக்குன்னே தெரியாது எனக்கு," என்றார் ரெய்யோ. தன் பூட்ஸைப் பார்த்தபடி.

டேலின் குரலைத் திரும்பச் சேர்த்தாள் ஜொயெல். கரை தெரியாத நீருக்கு அடியில் முட்டையும் பாலும்.

"டிரம்ஸ மறுபடி வாசிச்சாத்தான் போகும்," என்றாள்.

"வாசிக்கிறேன்," என்றார் ரெய்யோ.

என்னை யாரும் கேட்கவில்லை. (இங்கே கதைசொல்லி கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. ஜனவரியிலிருந்தே அப்படித்தான். கதைக்காகப் பொய் சொல்ல விருப்பமில்லை.)

5

அன்று மாலை ரெய்யோவின் வீட்டுப் பின்புறத்து சௌனாவில், சூடான கல்லில் நீர் ஊற்றி ஆவி பிடிக்கும் மர அறையில், உட்கார்ந்திருந்தோம். அங்கே பேசக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அவரே பேசினார்.

"மாப்ளே*, அது இருந்தா பாட்டு கெட்டுப்போகும்ல?"

"தெரியல."

"உனக்கு அது வேணுமா?"

"தெரியல. உங்களுக்கு?"

பதிலுக்குக் கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினார். ஆவி எழும்பியது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

"சுடலையா உனக்கு?"

"இல்ல."

"எனக்கு உயிர் போகுதுடா!" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே ஓடினார்.

* ரெய்யோ என்னை 'கிட்' என்றுதான் கூப்பிடுவார். தமிழில் எழுதும்போது அது தானாக மாப்ளே ஆகிறது. சண்டைக்கு வரமாட்டார்.

6

மறுநாள் ரெய்யோ இரண்டு காதையும் மூடிக்கொண்டு வாசித்தார். வாழ்நாளில் முதல் தடவை. முதலில் தடுமாறினார். "டேல் பின்னால இழுக்கிறான்," என்றார்.

"பாட்டு போன வருஷமே பதிவாயிடுச்சுடா. நான் இங்க உக்காந்து பன் திங்கிறேன்," என்றார் டேல்.

"அப்பவே இழுத்திருக்க."

பிறகு ஒரு தடவை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, பிசிறில்லாமல் வாசித்தார். கண்ணை மூடியிருந்தார். ஜொயெல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

ஆக இப்போது இரண்டு டிரம்ஸ் பதிவுகள் இருந்தன.

7

ஓர் போட்ஸில் இதற்கு ஒரு முறை உண்டு. இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியபோது குழுவில் இல்லாத ஒருவர் சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். எது எதுவென்று சொல்லாமல் இரண்டையும் போடுவார்கள். முதலாவதா, இரண்டாவதா என்று அவர் சொன்னதே முடிவு. தோற்றது அங்கேயே அழியும். இல்லையென்றால் டேல் சாகும்வரை மாற்றிக்கொண்டே இருப்பார். சின்ன வயதிலிருந்து அந்த நாற்காலி காய்சாவுடையது. அழிக்கும் விதியும் அவள் போட்டதுதான்.

"நீ உக்காரு," என்றார் டேல்.

(இரண்டையும் சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு டிரம்ஸ் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் படிக்கட்டில் பாத்திரம் உருள்வது போலிருக்கும். ஒரு பிரதி எடுத்து வைத்தால் என்ன? ஜொயெல் அதை என் காதோடு கேட்டாள். வேண்டாம் என்றேன். காய்சாவின் ஆட்டத்தில் நான் ஏமாற்ற மாட்டேன்.)

உட்கார்ந்தேன். சுவரில் பழைய மீன் கொக்கியின் துளை ஒன்று இருந்தது.

முதலாவது ஓடியது. அமைதியான இடம் வந்தது. தூரிகைத் தேய்ப்பு. அடியில் குரல். இதுதான் அவளுடையது என்று நினைத்தேன். இல்லை. தடித்த, தாளத்துக்கு மூச்சு வாங்குகிற, சுருதியே இல்லாத குரல். முட்டை இல்ல, பாலும் இல்ல.

நாற்காலியில் இருப்பவர் சொல்லும்வரை யாரும் பேசக்கூடாது. ரெய்யோதான் மீறினார்.

"யாரது?"

"நீதான்டா," என்றார் டேல்.

"நானா? நான் வாயே திறக்கலயே."

"அப்ப டிரம்ஸா பாடுச்சு? உன் காதுல என் பாட்டு ஓடுது, நீ முட்டை வாங்கப் போயிருக்க. எத்தன ராத்திரி முழிச்சு எழுதின வரி அது! ஒருத்தன் மதிக்கல."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

ஜொயெல் இரண்டாவதைப் போட்டாள். அதே இடம். இந்தத் தடவை காய்சா. கதவ மூடுப்பா, குளிருது.

சுட்டது.

(இந்த வாக்கியத்தை மூன்று தடவை அடித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை.)

8

முடிவு ஒன்று: 'இரண்டாவது' என்கிறேன். காய்சா ஆல்பத்தில் இருப்பாள். தந்தையின் குரல் அழியும். அவருக்கு வயது எழுபத்தொன்று. தனக்கே தெரியாமல் மகளுக்காக அவர் பாடிய –

முடிவு இரண்டு: 'முதலாவது' என்கிறேன். அவள் பாட்டு அவர் வாயில் இருக்கும். அவள் குரல் எங்கேயும் –

இரண்டையும் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் வந்தது. சிரமமே அதுதான்.

இதை எழுதி முடிப்பதற்குள் ஆல்பம் வெளிவந்துவிட்டது. நான் ஒன்றைச் சொன்னேன், மற்றது போனது. எதைச் சொன்னேன் என்பதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என்னைப் பார்ப்பீர்கள். நீங்கள் பாட்டைக் கேட்க வேண்டும்.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். உட்காருங்கள். துளை இருக்கிறது, சுவரைப் பாருங்கள். பின்னால் டேல் பன் பெட்டியைத் திறக்கிற சத்தம். ஜொயெலின் விரல் அழிக்கிற பொத்தான் மேல் இருக்கிறது. ரெய்யோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரண்டையும் கேட்டுவிட்டீர்கள்.

முதலாவதா, இரண்டாவதா?

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். பெரியவருக்குக் காது சரியாகக் கேட்காது.