சட்டையில் இல்லாத பேட்ஜ்

ஆறு பேரின் ரத்த மாதிரிகளில் ஐந்து சாதாரணமாக இருந்தன. ஆறாவது என் கணவருடையது.

பற்றவைத்த குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று கதிர்வீச்சால் படமெடுத்துப் பார்ப்பது அவர் வேலை. அந்த நிறுவனத்தின் ரத்தப் பரிசோதனைகள் எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வரும். உடலில் கதிர் பட்டால் வெள்ளணுக்களில் சில மரபணுக்கள் பதறி எழுந்து, சில நாட்கள் ஓயாமல் வேலை செய்யும். அவருடையவை நான்கு மடங்கு எகிறியிருந்தன. ஆனால் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், பட்ட கதிரை அளந்து வைக்கும் அந்தச் சின்ன வில்லை, சுத்தமாக இருந்தது.

"ட்யூப் மாறியிருக்கும்," என்றார் மேடம், எங்கள் ஆய்வகத் தலைவி. "வீட்டுக்காரர் கையப் பிடிச்சதும் லேபிள மறந்துட்டியா? பரவாயில்ல, அடுத்த வாரம் திரும்ப எடு."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த வாரத்துக்குள் அந்த மரபணுக்கள் அடங்கிவிடும். அறிக்கை சுத்தமாக வரும். அவர் மறுபடி வேலைக்குப் போவார்.

பேட்ஜில் அளவு ஏறிவிட்டால் அவரை வேறு ஊர் அலுவலகத்துக்கு, மேஜை வேலைக்கு மாற்றிவிடுவார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான். "வேலை அதிகமா இருக்கிற நாள்ல இது இங்கயே இருக்கட்டுமே," என்று அவர் சட்டையிலிருந்து அதைக் கழற்றியது என் கைதான். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அவர் என் மூக்கைக் கிள்ளிவிட்டுப் போனார். பிறகு பேச்சே தேவைப்படவில்லை. அவர் வந்து நிற்பார், நான் கழற்றுவேன். கதிரைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான்.

மாடிப்படியில் நின்று அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நானே கழட்டி வச்சேன்னு சொல்லிக்கிறேன். உன் பேரு வேணாம்மா," என்றார்.

"வேலை போயிடும்ங்க."

"போனா உனக்குச் சமைச்சுப் போட்டுக்கிட்டு வீட்ல இருக்கேன். உப்பு மட்டும் நீ பாத்துக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "ட்யூப் மாறல மேடம். பேட்ஜ் எங்க வீட்டு அலமாரியில இருந்துச்சு. நான்தான் கழட்டி வச்சேன்."

 அவர் ஒரு தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"எத்தனை நாள்? சரியாச் சொல்லு. அவரைப் பாக்கப்போற டாக்டர் கேப்பாரு."

விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஒரு கை தீர்ந்தது. மடியில் கிடந்த மறு கையை எடுத்தேன்.