குறையில்லாத கித்தார்

முதல் கித்தாரை மடியில் வைத்த மாத்திரத்தில் பிராங்ளின் முகத்தைச் சுளித்தான். இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் சுளித்தான். குன்னூரில் பழைய பங்களாச் சாமான்களை வாங்கி விற்றே இருபத்தைந்து வருடம் சோறு தின்றவன். தேக்கு மேசையானாலும் சரி, தேவலோகத்துக் கற்பகத் தருவே ஆனாலும் சரி, பிடித்துவிட்டது என்று முகத்தில் காட்டினால் விலை கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்பது அவனுக்குத் தெரியும்.

கடைக்காரன் சுவிசேஷமுத்துவுக்கும் அது தெரியும். ஊட்டி கமர்ஷியல் ரோட்டில், வர்க்கி சுடும் ஒரு பேக்கரியின் மாடியில், கைமாறி வந்த வாத்தியங்களை விற்பவன் அவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்குக் கித்தார் வாசிப்பான். மற்ற ஆறு நாளும் கித்தாரைக் குறைசொல்ல வருபவர்களுக்குப் பதில் சொல்வான்.

“என்னங்ணா, ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று சிரித்தான். “வாசிச்சுட்டாவது திட்டுங்க.”

ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பிராங்ளினின் மனைவி லிஜி தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள் டீச்சரம்மா. கணவன் சாமான் வாங்கப் போகும் இடங்களில் அவளுக்கென்று ஒரு வேஷம் உண்டு: பொருள் பிடிக்காத மனைவி. பேரம் முற்றுகிற நேரம் பார்த்து, “நமக்கு எதுக்குங்க இது” என்று சலித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வரி வசனத்தில் எத்தனையோ அலமாரிகளின் விலை சரிந்திருக்கிறது.

இன்றைக்கு அவளுக்குச் சொல்லப்பட்டிருந்த கதை இதுதான். குன்னூரில் ஒரு பங்களா விடுதியில், இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் பிராங்ளின் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு வாசிக்கிறான். கட்டை விரல் தடித்த கம்பிகளில் நடைபோட்டுக்கொண்டே இருக்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெலிந்த கம்பிகளில் மெட்டைக் கொத்தி எடுக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். இரண்டு மாதமாக அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. மெட்டு நொண்டியது. விடுதி மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், “இந்தச் சனிக்கிழமை பாப்போங்க. சரியா வரலீன்னா வேற ஆளத்தான் கூப்பிடணும்.” பழைய மரக் கித்தாரின் கழுத்து வளைந்துவிட்டது, கம்பி கனம், அதுதான் கோளாறு என்றான் பிராங்ளின். எலெக்ட்ரிக் கித்தார் என்றால் கம்பி மெலிசு, தொட்டாலே பேசும்.

சொல்லப்படாத கதை வேறு. போன மாதம் மேட்டுப்பாளையத்தில் ஒரு மேசை இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போய் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவனுடைய வலது கை டம்ளரைப் பிடிக்கும், பேனாவைப் பிடிக்கும், திருப்புளியைத் திருகும். கித்தாரில் மட்டும், மெட்டை எடுக்கப் போகும்போது நடுவிரல் ஆமைத் தலைபோல உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது. கித்தார் கற்றுக்கொண்ட நாளிலிருந்து முப்பது வருடம் ஒரே வேலையைச் செய்ததில் மூளைக்கும் விரலுக்கும் நடுவே இருந்த ஒப்பந்தம் குழம்பிவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டுப் பார்க்கலாம்; பழையபடி வாசிப்பது கஷ்டம்.

திரும்பும் பஸ் பர்லியாரைத் தாண்டுவதற்குள் பிராங்ளின் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். டாக்டர் சொன்னது முதல் விலை. உலகத்தில் எவன் முதலில் கடைசி விலையைச் சொல்லியிருக்கிறான்? குறைத்துக் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. இந்த எலெக்ட்ரிக் கித்தார்தான் அவன் குறைத்துக் கேட்ட விலை.

சுவிசேஷமுத்து வயரைச் செருகி, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்பைப் போட்டான். பிராங்ளின் வாசித்தான். கட்டை விரல் நடந்தது. ஆள்காட்டி விரல் வந்தது. நடுவிரல் மடங்கியது.

“கழுத்து ஒடுக்கம், தம்பி. கம்பியெல்லாம் தீப்பெட்டிக்குள்ள குச்சியாட்ட நெருக்கியடிச்சுக் கெடக்கு. மொத்தமா இழுத்து அடிக்கறவனுக்குச் சரி. பிரிச்சு வாசிக்கறவன் விரல எங்க வெக்கறது?”

“அது நெசந்தாங்ணா.” நிஜம்தான். பிராங்ளினுக்கு அதில் கொஞ்சம் உயிர் வந்தது.

இரண்டாவது கித்தாரில் கழுத்து அகலம். ஆனால் கம்பிக்கு அடியில் சத்தத்தை வாங்கும் பிக்கப் பெரிசு. கட்டை விரல் எழுப்பிய சத்தமே மற்றதையெல்லாம் விழுங்கியது. “கம்பளியப் போத்திட்டுப் பேசறாப்பல இருக்குது” என்றான். அதிலும் பொய்யில்லை. மடங்கிய விரலையும் அந்தக் கம்பளிக்குள்ளேயே சுருட்டி வைத்தான்.

“நமக்கு எதுக்குங்க இது?” என்றாள் லிஜி, நேரம் தப்பாமல்.

“வந்துட்டீங்களாக்கா உங்க பங்குக்கு!” சுவிசேஷமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். “இருங்க. உங்க ரெண்டு பேத்துக்கும் வாய் அடைக்கற மாதிரி ஒண்ணு இருக்குது.”

உள்ளறையிலிருந்து வந்தது மூன்றாவது. வெளிர் மஞ்சள் நிறம். குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் மகனோடு வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். முப்பதாயிரம். பிராங்ளின் கழுத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். நூல் பிடித்ததுபோல் நேர். விரலுக்கு விரல் தாராளமாக இடம். பிக்கப் சின்னது. கம்பியை இறுக்கும் முறுக்காணிகளைத் திருகினான், வழுக்கவில்லை. திருப்பிப் போட்டுக் குண்டு பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அப்பேர்ப்பட்ட ஆளுக்கே ஒரு கீறல் அகப்படவில்லை. வெறும் கம்பியைக் கட்டை விரலால் தட்டினான். காலைப் பனியில் பித்தளைக் குடத்தைச் சுண்டியதுபோல் தெளிவான சத்தம்.

வாசித்தான். நடுவிரல் மடங்கியது.

பாதி வேகத்தில் வாசித்தான். மடங்கியது. எழுந்து நின்று வாசித்தான். ஆம்ப்பைக் கூட்டி, குறைத்து, கம்பியைத் துணியால் துடைத்து வாசித்தான். அதற்குப் போகிற வழி மறந்துபோனதைப்போல் விரல் உள்ளங்கையிலேயே கிடந்தது.

“தம்பி, நீ வாசி” என்றான்.

சுவிசேஷமுத்து பெரிய வித்வான் இல்லை. அதே மெட்டை, சர்ச்சில் வாசிப்பதுபோல் பயபக்தியோடு நான்கு வரி வாசித்தான். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து நின்றது.

“எப்படிங்ணா?”

“நல்லா இருக்குது.”

சுவிசேஷமுத்து கலவரப்பட்டான். “ஏங்ணா பயமுறுத்தறீங்க? ஏதாச்சும் குறை சொல்லுங்க!”

“ஒரு குறையும் இல்ல தம்பி. வர்றேன்.”

பிராங்ளின் எழுந்து வாசலை நோக்கி நடந்தான். லிஜியும் சட்டென்று எழுந்தாள். பேரத்தில் கடைசி ஆயுதம் படியிறங்குவதுதான். அது அவளுக்குத் தெரியாதா? புகழ்ந்துவிட்டு இறங்குவது மட்டும் புதிசு. மனுஷன் இந்த வயதிலும் தொழில் கற்றுக்கொள்கிறார் என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பின்னால் போனாள். “ஊட்டுல இருக்கறதே போதும்” என்று, மேலே கேட்கிற மாதிரி முணுமுணுக்கவும் செய்தாள்.

நான்காவது படியில் குரல் வந்தது. “அண்ணா! இருபத்தெட்டு!”

“மெதுவா இறங்குங்க” என்று கிசுகிசுத்தாள் லிஜி. “இன்னும் கொறையும்.”

“இருபத்தாறு!”

“திரும்பிடாதீங்க.”

“இருபத்தி மூணு! எனக்குக் கட்டாது, உங்களுக்காகச் சொல்றேன்!”

மூன்றாவது அழைப்புக்குத் திரும்ப வேண்டும், அது சம்பிரதாயம். அதற்குமேல் இழுத்தால் விற்பவனை அவமதித்ததாகும். பிராங்ளின் தெருவுக்கு வந்து நடந்துகொண்டே இருந்தான்.

“ஏனுங்க, போதுங்க. நல்ல விலைங்க, திரும்புங்க.” எட்டி நடந்து அவனை மறித்த லிஜி, அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். பேரம் பேசுகிறவன் முகம் அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

“எனக்கு வேண்டாம், லிஜி.”

“நல்லா இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க?”

“நல்லாத்தான் இருக்குது. போன மாசம் மேசை பாக்கப் போகல. கோயமுத்தூர்ல நரம்பு டாக்டர்கிட்டப் போனேன். விரல் இனி வராதாம்.”

சாக்லேட் பைகளோடு போன சுற்றுலாக் கும்பல் ஒன்று அவர்களை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கடந்தது. அது போய் முடியும்வரை லிஜி அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கிட்டக் கூட ஏனுங்க சொல்லல?”

“நம்ம சரக்கோட குறைய நாமளே சொல்லிப் பழக்கமில்லையே.”

சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். சரியாக வரவில்லை.

அதற்குள் சுவிசேஷமுத்து கித்தாரைப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு படியடிக்கே வந்துவிட்டான். “இருபது! என் அசலே போச்சு. அக்கா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க!”

“விலைக்காக இல்லீங்க தம்பி” என்றாள் லிஜி.

“எல்லாரும் அப்படித்தாங்க்கா சொல்றாங்க. சரி, பத்தொம்பது.”

லிஜி கணவன் பக்கம் திரும்பினாள். “சனிக்கிழமைக்கு மேனேஜர்கிட்ட என்னங்க சொல்றது?”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிரு. நீயே பேசு. நான் பேசினா ஒரு வாரம், ரெண்டு வாரம்னு பேரம் பேச ஆரம்பிச்சிருவேன்.”

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தேடினாள். பணத்துக்குத்தான் யாரையோ கேட்கிறாள் என்று நினைத்த சுவிசேஷமுத்து, படியடியில் நின்றபடியே இன்னும் ஐந்நூறு குறைத்தான்.