எட்டோடு எட்டு

மூன்று வாரமாக என் இடது காது பொய் சொல்கிறது. வலது காதில் ஒழுங்காகக் கேட்கும் பாட்டை அரை ஸ்வரம் உயர்த்திக் கேட்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரைகள் தீர்ந்துவிட்டன, காது அப்படியேதான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. காது போன டிஜேயை பெர்லினில் எவன் கூப்பிடுவான்?

எண்களைப் பிடித்துக்கொண்டு பிழைப்பை ஓட்டினேன். ஒவ்வொரு ட்ராக்குக்கும் அதன் சுருதியைக் கணினி கண்டுபிடித்து ஓர் எண் கொடுக்கும். எட்டோடு எட்டு சேரும், பக்கத்து எண்களான ஏழும் ஒன்பதும்கூடச் சேரும். வீட்டிலேயே பார்த்துப் பார்த்து வரிசையாக எழுதி எடுத்துவந்தேன். இப்படிச் செய்கிறவர்களை ஒரு காலத்தில் நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

ஞாயிறு மதியம், ஆற்றங்கரைத் தோட்டம். முந்நூறு பேர் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாரைக்கேயும் நானும் ஜோடியாக இசைப்பது இது பன்னிரண்டாவது கோடை. அவளுடைய ஒரு மணி நேரம் முடிந்து என் முறை வந்தது.

"என்னடா ஹென்னிங், கையில பேப்பரு? பரீட்சை எழுத வந்தியா?"

"வயசாகுதுல்ல. மறந்துடுது."

"காது இருக்கிறவனுக்குப் பேப்பர் எதுக்குடா," என்று சிரித்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

அவளுடைய கடைசி ட்ராக் நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது நூற்று முப்பத்தாறு. இரண்டுக்கும் எண் எட்டு. அவளுடையதை யாருக்கும் தெரியாதபடி, ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நூற்று முப்பத்தாறுக்கு ஏற்றினேன். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். அப்படி ஏறாமல் பிடித்துவைக்க மெஷினில் ஒரு பட்டன் உண்டு. அது எப்போதும் போட்டபடிதான் இருக்கும்.

ஹெட்ஃபோனை வழக்கம்போல இடது காதில் வைத்தேன். காதை மாற்றினால் மாரைக்கே கவனித்துவிடுவாள். வலது காதில் ஸ்பீக்கரில் ஓடும் அவளுடைய ட்ராக், இடது காதில் இன்னும் கூட்டத்துக்குக் கேட்காத என் புது ட்ராக். மூன்று வாரமாக இந்த நொடியில் இரண்டும் கடித்துக் குதறிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை மட்டும் நம்புவேன்.

இன்று கடிக்கவில்லை. இரண்டும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காது திரும்பிவிட்டது. சந்தோஷமாக, புது ட்ராக்கை ஸ்பீக்கரில் முழுதாகத் திறந்துவிட்டேன்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது ஓர் ஊளை. இரண்டு ட்ராக்கின் பேஸ் ஒலிகளும் ஒன்றையொன்று உரசின. முன்வரிசையில் ஒரு பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளைச் சுற்றி ஒவ்வொருவராக நின்றார்கள். மாரைக்கே பாய்ந்து வந்து பழைய ட்ராக்கை வெட்டினாள். புதியது மட்டும் தனியாக ஓடியது. கூட்டம் மெல்ல மறுபடி ஆட ஆரம்பித்தது.

அவள் அந்தப் பட்டனைக் காட்டினாள். அணைந்திருந்தது.

"நான்தான் அணைச்சேன். அதைப் போட்டா அடி கொழகொழன்னு ஆயிடுது. சொல்ல மறந்துட்டேன், ஸாரிடா."

அப்போதுதான் புரிந்தது. அவளுடைய ட்ராக் அரை ஸ்வரம் ஏறியிருக்கிறது. என் கெட்ட காதும் அதே அரை ஸ்வரம் ஏற்றியிருக்கிறது. அதனால்தான் பொருந்தியது. காது சரியாகியிருந்தால் பொருந்தியிருக்காது.

மாரைக்கேயின் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. என் ஹெட்ஃபோனைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள்.

"ஹென்னிங், திறக்கறதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன்ல கேட்டுப் பாத்தியா இல்லையா?"

"கேட்டேன்," என்றேன். "ரொம்ப நல்லா சேந்துச்சு."