அச்சில் ஏறிய பக்கவிளைவுகள்

அய்யாதுரை தன் கண்ணால் படித்துப் பார்க்காத எதையும் மெஷினில் ஏற்ற விடமாட்டார். சிவகாசியில் அவருடைய அச்சகம் வருஷத்தின் பெரும்பகுதி பட்டாசு லேபிள் அடிக்கும். தீபாவளி முடிந்து அந்த ஆர்டர் ஓய்ந்ததும் மருந்துக் கம்பெனி வேலை வரும். மாத்திரை டப்பாவுக்குள் மடித்துத் திணித்திருப்பார்களே, யாருமே படிக்காத தாள், அது. அய்யாதுரை மட்டும் படிப்பார்.

வினை அதில் வந்தது. கோடையில் நெஞ்சுவலி வந்து அவருக்கு மதுரையில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கொழுப்பு மாத்திரையை நிறுத்தினால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் மிரட்டி அனுப்பியிருந்தார். ஒழுங்காகத்தான் விழுங்கிவந்தார். இப்போது அதே மாத்திரையின் தாள் அச்சுக்கு வந்தது. தசைவலி, தலைவலி, வயிற்று உப்புசம், தூக்கமின்மை. படித்துவிட்டு எழுந்தபோதே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சாயந்திரத்துக்குள் மற்றவையும் வந்து சேர்ந்தன. தூக்கமின்மைக்கு மட்டும் இரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மாத்திரையை நிறுத்தினார். மெஷின் ஓட்டும் மொக்கைச்சாமியிடம் காலை நீட்டிக் காட்டினார்.

"எனக்குந்தான் கடுக்குது மொதலாளி. நாள் பூரா நின்னா கடுக்காதா? நான் என்ன மாத்திரையா திங்கேன்?"

"அம்புட்டுத் தாளையும் நீதானலே அள்ளி அடுக்குன? கையில ஒட்டாம இருக்குமா?"

மொக்கைச்சாமி கையை முகர்ந்து பார்த்தான். அன்றைக்கு இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினான்.

வீட்டில் மனைவி பாண்டிலட்சுமி கெஞ்சினாள், பிறகு ஏசினாள். "கால் வலிச்சா உசுரு போயிருமா? நெஞ்சு அடைச்சா போயிரும்ங்க."

"அச்சுல இருக்குடி. நானே புரூஃப் பாத்தது."

அடுத்த வாரம் ஒரு மதியம், சோற்றைத் தொடாமல் எழுந்தவர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். பாண்டிலட்சுமி பதறி ஆட்டோவுக்குப் போன் போடப் போனாள்.

"பதறாத. எல்லாம் எழுதியிருக்கிறதுதான். தீவனத்துல நாட்டம் இருக்காது. எச்சி வடியும். பின்னங்கால் தள்ளாடும்."

போனைக் கீழே வைத்தாள். "பின்னங்காலா? என்னத்தப் படிச்சிட்டு வந்தீக?"

"மாட்டுக்குப் பூச்சி மருந்து. காலையில வந்த ஆர்டர்."

"அத நீங்க எப்பக் குடிச்சீக?"

அய்யாதுரை வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. அசை போட வருதா, இல்லையா? வரலைன்னா மாட்டு டாக்டரத்தான் கூப்பிடணும்."

கொழுப்பு மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

"கால் வலி நெசமாவே இருக்குடி."

"இருக்கட்டும். அறுபது வயசாகப் போகுது. எனக்கு மூட்டு வலிக்குது. நான் எந்தத் தாளப் படிச்சேன்?"

விழுங்கினார். கால் வலி போகவில்லை, இன்றும் இருக்கிறது. மாத்திரையும் நிற்கவில்லை. மருந்துத் தாள் புரூஃப் மட்டும் இப்போது பாண்டிலட்சுமிக்குப் போகிறது. பாகற்காய் நறுக்கிக்கொண்டே படித்துத் தள்ளுகிறாள். அவளுக்குப் புதிதாக ஒரு வலியும் வருவதில்லை.

"நல்லாப் படிச்சியா?" என்று அவர் ஒவ்வொரு முறையும் சந்தேகமாகக் கேட்கிறார்.