ஜன்னலோரம் மூன்றாவது மேசை

எடிட்டிங் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டிய ஒருவர், "டைரக்டர் தம்பி யாருங்க?" என்று கேட்டார். உள்ளே இருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தபடி என்னைக் கை காட்டினார்கள். நான் எடுத்த படம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. விடுதி நாய் குட்டி போட்டதை ஒருமுறை எடுத்தேன். அதிலும் பாதி ஃபோகஸ் இல்லை. மீதிப் பாதிக்காகக் கிடைத்த பட்டம்தான் இந்த டைரக்டர். பட்டம் கொடுத்தவன் பேட்டரி. அந்தப் பெயரைச் சொல்லி வெளியாள் ஒருவர் தேடி வந்தால் அவர் யாராக இருக்கமுடியும் என்று எனக்கு உறைப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "நான் அவனோட அப்பா." சிரித்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

பேட்டரி எங்கள் வகுப்புத் தோழன். டிஜிட்டல் ஊடகமும் இதழியலும், இறுதியாண்டு. கேமரா பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட்டு வைக்கும் பொறுப்பை முதல் வாரமே அவன் தலையில் கட்டினோம். ஒருநாளும் போட்டதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. செமஸ்டர் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவன் காய்ச்சல் என்று படுத்தான். "சார்ஜ் இறங்கிடுச்சு மச்சான், வந்து பாத்துக்கலாம்" என்று எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். நான் பதிலுக்குப் பல்லைக் காட்டும் பொம்மை ஒன்றைப் போட்டேன். அந்தக் காய்ச்சலிலேயே அவன் போய்விட்டான். அவ்வளவுதான் எங்கள் கடைசி உரையாடல். இதழியல் மாணவர்கள் இருவர் பேசியது என்று வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத உரையாடல்.

அவன் அப்பா வெல்டர். முன்கையில் நெருப்புப்பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கித்தான் பார்த்தார். மகனின் விடுதி அறையைக் காலி செய்துவிட்டு நேரே வந்திருந்தார்: ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் தலையணை. வராந்தாவில் நின்று போனை எடுத்து என்னிடம் நீட்டினார். நாங்கள் எடுத்த வீடியோ. அதில் அவன் வரும் இடத்தை மட்டும் யாரோ வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

"நூலகத்துல ஜன்னலோரம் மூணாவது மேசை. அதுதான் என் இடம். மூணு வருஷமா அங்கதான் இருக்கேன். நீங்களும் உங்களுக்குன்னு ஒரு இடத்தைப் பிடிச்சுக்குங்க" என்றான் பேட்டரி, மூக்குக்கண்ணாடி போடாத குறையாக.

"அந்த மேசைய ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன் தம்பி," என்றார்.

அந்த வீடியோ புதிதாகச் சேரும் மாணவர்களுக்காகத் துறைத்தலைவர் எடுக்கச் சொன்னது. பல்கலைக்கழக வாழ்க்கையை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி என்று தலைப்பு. வானொலி, நாடகம், புகைப்படம், விவாதம் என்று எல்லா மன்றங்களிலும் சேர்ந்து, டீ சர்ட் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த என்னை இதை இயக்கச் சொன்னது அவருடைய பெருந்தன்மை. ஆளுக்கு ஒரு அறிவுரை சொன்னார்கள். பயிற்சி வேலைக்குப் போங்கள், தினமும் ஏதாவது எழுதுங்கள், கேள்வி கேளுங்கள். கடைசியில் பேட்டரி உட்கார்ந்தான், வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான். நூலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. முகத்தை வெகு பதவிசாக வைத்துக்கொண்டு கடைசி வார்த்தைவரை சொன்னவன், அடுத்த நொடி உடைந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு தொடங்குவதற்கு ஒரே ஒரு ஃபிரேம் முன்னால் நான் வெட்டினேன். மூன்று வருடப் படிப்பில் நான் உருப்படியாகச் செய்த வெட்டு அது. துறைத்தலைவரே, "இந்தப் பையனா இப்படிப் பேசறான்?" என்று அசந்துபோனார்.

பையை அவர் எடுத்துக்கொண்டார். வாளியை நான் பிடுங்கிக்கொண்டேன். நடக்கும்போது அவர் என்னைப் பார்க்காமல் பேசினார்.

"கேமரா தூக்குறதுக்கு எதுக்கு ஒரு படிப்புன்னு கேட்டேன் தம்பி. கேட்டிருக்கக்கூடாது. அதுலேருந்து வீட்டுக்கு வந்தா எங்கிட்ட பேச்சே இல்ல. சாப்பிடுவான், படுப்பான். இங்க வந்து என்ன பண்றானோ, யார்கூட சுத்தறானோன்னு மனசு அடிச்சுக்கும். இதப் பாத்த அப்புறந்தான்..." போன் இருந்த சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். "ஒழுங்கா ஒரு இடத்துல உக்காந்து படிச்சிருக்கான்."

அவன் சுற்றியது என்னோடுதான். எந்தத் தகவலையும் இரண்டு பேரிடமாவது உறுதிசெய்துகொள் என்பது எங்களுக்கு நடத்திய முதல் பாடம். இந்தத் தகவலுக்கு மொத்தமே இரண்டு பேர்தான். ஒருவன் போய்விட்டான். இன்னொருவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். ஏதோ ஒரு மேசையைக் காட்டிவிட்டால் ஆயிற்று என்று தீர்மானித்தேன். மனிதர் கொஞ்ச நேரம் உட்காருவார், கண்ணைத் துடைப்பார், பேருந்து ஏறுவார். ஒரு மேசையால் யாருக்கு என்ன நஷ்டம்?

நூலகர் வாளியைப் பார்த்து எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். நான் அதிகம் வந்த இடமில்லை என்பதால் ஜன்னல் எந்தப் பக்கம் என்று நானே தேடவேண்டியிருந்தது. அவர் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார். விரலை நீட்டி மெதுவாக எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு..." விரல் அந்தரத்தில் நின்றது. ஜன்னலோரம் இருந்ததே இரண்டு மேசைகள்தான். மூன்றாவது இடத்தில் குளிர்சாதனப் பெட்டி சைஸில் ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், வயிற்றில் பச்சை விளக்கு எரிய நின்றிருந்தது.

எனக்கு ஒரு கணம் அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. பேட்டரி எங்கோ விழுந்து புரண்டிருப்பான். அவர் அருகில் போய் இயந்திரத்தின் மூடியில் உள்ளங்கையை வைத்தார். சூடான இரும்பைத் தொட்டுப் பழகிய கை, மிகவும் மெதுவாக வைத்தது.

"மேசைய எடுத்துட்டு இத வச்சிருக்காங்க போல. இல்ல தம்பி?"

பொய்யை அவரே செய்து என் கையில் கொடுத்துவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். ஆட்டியும் விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் அதோடு நிற்காமல் நூலகரிடம் போனார். போனில் மகனின் படத்தை எடுத்துக் காட்டினார். "இங்கதாங்க உக்காந்து படிப்பான். ஞாபகம் இருக்கா பாருங்க." நூலகர் நிஜமாகவே முயன்றார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். "தெரியலையேங்க" என்று அவர் சொன்னது மன்னிப்புக் கேட்பதுபோல இருந்தது.

"தெரிஞ்சிருக்காது," என்றார் அப்பா. "அவன் இருக்கற எடமே தெரியாது. வீட்லயும் அப்படித்தான். ரொம்ப அமைதி. சிரிச்சு நான் பாத்ததில்ல."

பேட்டரியா அமைதி? வகுப்பில் சிரித்ததற்காகவே வாரம் ஒருமுறை வெளியே நிறுத்தப்பட்டவன். துப்புரவு அக்காவிலிருந்து துணைவேந்தரின் டிரைவர் வரைக்கும் எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கதை கேட்டவன். எங்களில் பேட்டி எடுக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இந்த மனிதர் எனக்குத் தெரியாத யாரோ ஒருவனைப் பையில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போகிறார். மேசை பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும். இதை என்னால் விடமுடியவில்லை.

"அவன் அமைதியா இருக்கமாட்டான்பா," என்றேன்.

அவர் திரும்பினார்.

இரண்டாவது மேசையில் அவரை உட்காரவைத்து, தோள்பையிலிருந்த என் லேப்டாப்பை எடுத்துத் திறந்தேன். நான் எதையும் அழிக்கிற வழக்கமில்லை, சோம்பேறித்தனம். வெட்டாத முழு வீடியோவை ஓடவிட்டேன். "...உங்களுக்குன்னு ஒரு இடத்தைப் பிடிச்சுக்குங்க." இந்த இடத்தில் நான் வெட்டிய ஃபிரேம் வந்தது, போனது. பேட்டரியின் உதடு ஒருபக்கம் கோணியது, மூக்கு விடைத்தது, அப்புறம் மொத்த உடம்பும் சிரித்தது. நாற்காலி பின்னால் சாய்ந்தது. மைக் சட்டையில் உரசிக் கரகரத்தது. கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல்: "கட்டுடா! லைப்ரரி எங்க இருக்குன்னாவது தெரியுமாடா ஒனக்கு?" மூச்சு வாங்கிக்கொண்டே அவன்: "தெரியும் மச்சான். வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் துப்பாக்கியோட நிப்பாரே!" "அது பேங்க்டா!" மறுபடியும் சிரிப்பு. கண்ணில் நீர் வரும் சிரிப்பு. படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சத்தத்தைக் குறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நூலகர் எழுந்து நின்றார், வரவில்லை.

"அப்ப இங்க வந்ததே இல்லையா அவன்?"

"இல்லப்பா."

"ம்," என்றார். உறைந்து நின்ற கடைசிப் படத்தில் பேட்டரி வாயைத் திறந்தபடி கேமராவுக்குச் சற்று மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அந்தப் பார்வை போன திசையில் விரலை வைத்தார்.

"யாரப் பாத்து இப்படிச் சிரிக்கறான்?"

"என்னத்தான்."

"நீ என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலப்பா. மூஞ்சிய ஒரு மாதிரி வச்சேன்."

"எப்படி?"

துறைத்தலைவரைப் போல செய்து காட்டினேன் என்று இந்த இடத்தில் எப்படி விளக்குவது? அவர் நாற்காலியை இழுத்து என் பக்கம் திருப்பிப் போட்டார். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"எங்க, வை பாப்போம்."

நான் லேப்டாப்பை ஓரமாகத் தள்ளினேன். ஒரு புருவத்தை மேலே ஏற்றி, கன்னத்தை உப்பி, வாயைக் குவித்து, முகவாயை உள்ளே இழுத்துக்கொண்டேன். உப்பிய கன்னத்தில் கண்ணீர் வழிந்து கோணலாக ஓடியது. துடைத்தால் முகம் கலைந்துவிடும். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்தில் வந்து, பார்த்துக்கொண்டே இருந்தார். போதும் என்று அவர் சொல்லவில்லை. நான் முகத்தை அப்படியே வைத்திருந்தேன்.