நாற்பத்திரண்டு வாசகர்கள்

தையல் மெஷின் ரிப்பேர் கடை அது. ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் எட்டிப் பார்ப்பதில்லை. மூடிவிடலாம் என்றான் மெக்கானிக். மூன்று மாதம் பொறுங்கள், நான் தூக்கி நிறுத்துகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினாள் அவன் மனைவி.

அவள் திட்டம் வாரம் ஒரு வலைப்பதிவு. கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விதான் தலைப்பு: அடிநூல் ஏன் சிக்குகிறது, ஊசி ஏன் அடிக்கடி உடைகிறது. கடைசி வரியில் கடையின் போன் நம்பர். எந்தப் பதிவை அதிகம் பேர் பார்க்கிறார்களோ, அதை ஒட்டியே அடுத்ததை எழுதுவது.

முதல் மாதம் நாளுக்கு இரண்டு பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தி அவளேதான். அது தெரிந்த அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். இரண்டாம் மாதம் பத்தானது, இருபதானது, நாற்பத்திரண்டும் ஆனது! போன் மட்டும் அடிக்கவில்லை. படிக்கிறவர்கள் ஒருநாள் வராமலா போவார்கள்? அந்தத் தெம்பில்தான், அக்கா தன் ஆபீசில் அவளுக்காகப் பிடித்து வைத்திருந்த வேலையை வேண்டாம் என்று சொன்னாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. வியாபாரம் சூடு பிடித்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பிறகு மெக்கானிக் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தான். அந்த மூன்று நாளும் பதிவை ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் அவன் கடைக்குப் போனான். பத்து மணிக்குள் பதினொரு பேர் பார்த்திருந்தார்கள். அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கடையில் அவன் இல்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, அவள் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். கையில் அவன் போன், மேஜையில் ஜெராக்ஸ்காரர் போன். இரண்டிலும் அதே பக்கம்.

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

அவன் திருதிருவென்று விழித்தான். "நீ சாப்பிடாம படுத்தியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து. மனசு கேக்கல."

"அப்ப அந்த நாப்பத்திரண்டு பேரும்?"

"நான்தான். கடை எப்படியும் தேறாதுன்னு தெரியும். மூணு மாசம் நீ சிரிச்சிட்டாவது இருப்பியேன்னு பார்த்தேன். அப்புறம் உங்கக்கா சொன்ன வேலை இருக்குல்ல, நமக்கென்ன பயம்?"

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அதை வேணாம்னு சொல்லிட்டேங்க."

"என்னது! எதை நம்பிச் சொன்ன?"

"உங்களைத்தான். நாப்பத்திரண்டு பேரா வந்தீங்களே."

அவன் பதறி எழுந்தான். "இப்பவே போன் போடு. கைல கால்ல விழுந்தாவது கேளு."

"முந்தாநாளே வேற ஆள் சேர்ந்தாச்சு. அக்கா என்கூடப் பேசறதே இல்ல."

அவன் மறுபடி நாற்காலியில் சரிந்தான். ஜெராக்ஸ்காரர் வேலை இருப்பதுபோல் வெளியே போய்விட்டார். திரையில் அவள் எழுதியது திறந்தே கிடந்தது. ஒவ்வொரு வரியையும் நாலைந்து தடவை அடித்துத் திருத்தி, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எழுதியது.

"நான் எழுதினது எப்படி இருந்துச்சு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "படிக்கல. திறந்தா எண்ணிக்கை ஏறிடும், உடனே மூடிடுவேன்."

"அடப்பாவி மனுஷா," என்று உடைந்து அழுதாள். "நாப்பத்திரண்டு பேர்ல ஒருத்தராவது படிச்சிருக்கக் கூடாதா?"